சூடு ஆறிய பிறகு

பள்ளிப்பட்டு வீட்டுக்கு லீவில் வந்தால் அம்மா முதலில் நீட்டுவது டவரா டம்ளரில் காபி. நான் ஒரு வாய் குடித்ததும், "சிக்கரி தூக்கலா இருக்காடி?" என்பார். சட்டம் 49 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அம்மா வாங்கும் தூளில் கிட்டத்தட்ட அவ்வளவும் இருக்கும்.

காபியை ருசி பார்ப்பதுதான் என் வேலை. 150 மில்லி வெந்நீருக்கு 8.25 கிராம் தூள். பால், சர்க்கரை கிடையாது. நாலு நிமிடம் கழித்து, மேலே திரண்டு நிற்கும் தூளைக் கரண்டியால் விலக்கும்போது மூக்கு கிண்ணத்தருகே இருக்க வேண்டும். அப்போது எழும் வாசனை மறுபடி வராது. பிறகு சத்தமாக உறிஞ்சி, நாக்கு முழுக்கப் பரவவிட்டுத் துப்பிவிடுவோம். ஆறியதும் இன்னொரு தடவை. சூட்டில் ஒளிந்திருந்த பூஞ்சை வாடை அப்போதுதான் பிடிபடும்.

பெண்ணுக்கு இதென்ன வேலை என்று கேட்ட சொந்தக்காரர்களுக்கு நான் சொன்ன பெயர் சுநாலினி மேனன். 1972இல் காபி போர்டில் சேர்ந்தவர். ஆசியாவின் முதல் பெண் காபி ருசிப்பாளர் என்று அறியப்படுபவர். பின்னாளில் பெங்களூரில் காபிலேப் தொடங்கினார். அவர் நாக்கை நம்பி எத்தனை தோட்டக்காரர்கள் தங்கள் கொட்டையைத் திருத்திக்கொண்டார்கள்!

இந்தத் தடவை ஏற்காட்டு அரபிகா கொண்டுவந்திருக்கிறேன். நாளைக் காலையில் அம்மாவுக்குப் பால் ஊற்றாமல் ஒரு வாய் கொடுக்கணும்.