கருவாட்டுக் குழம்பும் கல்லான சிப்பியும்

1. முட்டை விற்றவன்

கடல் பார்க்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செந்துறைக்குக் கிளம்பியதை வீட்டில் யாரும் மெச்சவில்லை. செந்துறையிலிருந்து கிழக்கே பறவை பறக்கிற வழியில் போனாலும் அலை கண்ணில் பட அறுபது எழுபது கிலோமீட்டர் ஆகும். ஊரைச் சுற்றி முந்திரிக் காடு, மானாவாரிக் கொல்லை, சிமெண்ட் லாரி. ஆனாலும் நான் பார்க்க நினைத்த கடல் அங்கேதான் கிடக்கிறது. தண்ணீர் வடிந்து ஆறு கோடி வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது, அவ்வளவுதான்.

வழியில் பேருந்து மாறிய இடத்தில் கழிப்பறைக்குப் பத்து ரூபாய் கேட்டார்கள். உள்ளே போனவன் மூக்கைப் பொத்திக்கொண்டு திரும்பிவிட்டேன். பத்து ரூபாய் திரும்ப வரவில்லை. இதைப் பற்றித் தனியாக ஒரு தொடரே எழுதலாம்.

செந்துறைக் கடைத்தெருவில் டீ குடித்துக்கொண்டிருந்தபோது ஒரு பையன் வந்து ஒட்டிக்கொண்டான். மீசை இப்போதுதான் அரும்பியிருக்கும். "கல்லு பாக்கவா வந்தீங்கண்ணே? வண்டி இருக்கு, நான் கூட்டிட்டுப் போறேன்." முதலில் வாடகை பேசிவிடுவோம் என்றேன். "பாத்துக் குடுங்கண்ணே" என்றான். இந்த மூன்று சொல்லைக் கேட்டதுமே எழுந்து ஓடியிருக்க வேண்டும் என்பது தமிழ்நாட்டில் பயணம் செய்கிற எவருக்கும் தெரியும். வெயில் ஏறிக்கொண்டிருந்தது, ஏறி உட்கார்ந்தேன்.

ஊரைத் தாண்டியதும் வண்டியை நிறுத்தி, பெட்டிக்குள்ளிருந்து துணியில் சுற்றிய உருண்டைக் கல் ஒன்றை எடுத்தான். "டைனோசர் முட்டைண்ணே. ரெண்டாயிரம். உங்களுக்காக ஆயிரம்."

ஆளை முழு ஏமாற்றுக்காரன் என்று சொல்ல முடியாது. 2009-ல் சேலம் பெரியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் செந்துறைப் பக்கம் ஓடைக்கரையில் டைனோசர் முட்டைகளைக் கண்டதாகச் சொல்ல, பத்திரிகைகளெல்லாம் கொட்டை எழுத்தில் போட்டன. பக்கத்துப் பெரம்பலூர் மாவட்டம் குன்னத்திலும் 2020-ல் குளம் தோண்டியபோது உருண்டை உருண்டையாகக் கிளம்ப, முட்டை என்று ஊரே கூடியது. வந்து பார்த்த புவியியலாளர்கள் அது அமோனைட் என்னும் கடல் உயிரைச் சுற்றி மண் இறுகித் திரண்ட கல் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அந்தக் கதையைப் பையனிடம் சொன்னேன். கொஞ்சமும் அசரவில்லை. "அது குன்னம்ணே, இது செந்துறை" என்றான். விலை இருநூறுக்கு இறங்கியது. அப்புறம், டீயும் பன்னும் வாங்கிக் கொடுத்தால் போதும் என்று வந்து நின்றது. நான் வாங்கவில்லை. அந்த நஷ்டத்தை அவன் வண்டி வாடகையில் எடுத்துக்கொண்டான். நாலு கிலோமீட்டருக்கு முந்நூறு ரூபாய்.

அவன் இறக்கிவிட்ட இடம் மட்டும் சரியான இடம். முந்திரிக் கொல்லை ஓரத்தில் ஒரு கிணறு, பக்கத்தில் கிணறு வெட்டிய மண் மேடு. மேட்டில் மண்ணைவிடச் சிப்பிதான் அதிகம். கையில் எடுத்தால் கனம். ஒரு பக்க ஓடு குழிந்து, நுனி கொக்கியாக உள்ளே மடங்கியிருந்தது. கிரைஃபியா என்று புத்தகங்களில் படம் போட்டிருக்கும் பழைய சிப்பி இனம். இவை உயிரோடிருந்தது சுமார் ஏழு கோடி வருஷத்துக்கு முன்னால். கடல் முள்ளெலி ஒன்றும் கிடைத்தது. முள்ளெல்லாம் உதிர்ந்து, முதுகில் ஐந்து இதழ்ப் பூ மட்டும் அச்சுக் குலையாமல் இருந்தது. பாசிபோலப் படர்ந்து கூட்டமாக வாழ்ந்த பிரையோசோவா என்னும் சிற்றுயிர்களின் வலைப்பின்னல், புழு கட்டிய குழாய், சிப்பிமேல் ஒட்டி வளர்ந்த இன்னொரு சிப்பி. ஒரு சதுர அடிக்குள் இவ்வளவும். உயிருள்ள கடற்கரைகள் பலவற்றில் நான் இத்தனை வகையைச் சேர்ந்தாற்போல் பார்த்ததில்லை.

"என்னா தம்பி தேடுற? மோதிரம் கீதிரம் வுழுந்துடுச்சா?"

தலை நரைத்த அம்மா ஒருத்தி, இடுப்பில் கூடையோடு நின்றிருந்தாள். கொல்லைக்காரி.

"கல்லு பாக்குறேன் ஆயா."

"இந்தக் கல்லையா? இதப் பாக்கவா காசு செலவு பண்ணிக்கிட்டு வந்த?" என்று என்னை ஒரு பரிதாபப் பார்வை பார்த்தாள். "எங்க ஊட்டுக்காரரு இருந்தவரைக்கும் இதப் பொறுக்கிப் பொறுக்கி வரப்புல போட்டே அவரு முதுகு வளஞ்சிச்சு. கொழு மொனை ஒடையும். மாட்டுக் காலு கிழியும். சனியன் புடிச்ச கல்லு."

இது கடல் சிப்பி, இங்கே ஒரு காலத்தில் கடல் இருந்தது என்றேன். பெரிய சேதி சொல்லிவிட்டதாக எனக்கு நினைப்பு. "அதான் கெணத்துத் தண்ணி கடுக்குதுன்னு பெரியவங்க சொல்வாங்க" என்றாள். சொல்லிவிட்டு, "சாப்புட்டியா?" என்று கேட்டாள்.

கொட்டகை நிழலில் உட்காரவைத்து, அலுமினியத் தட்டு நிறையச் சோறு போட்டு, கத்தரிக்காயும் மொச்சையும் போட்ட வாளைக் கருவாட்டுக் குழம்பை ஊற்றினாள். குழம்பு முந்தின நாள் வைத்தது. அதைச் சாப்பிட்டவனுக்கு ஓட்டல்களைப் பற்றி எழுத வாய் வராது. புளி, மிளகாய், கருவாடு மூன்றும் ஒன்றையொன்று விட்டுக்கொடுக்காமல் நின்றன. தட்டு பளிச்சென்றிருந்தது, தண்ணீர்க் குடத்துக்கு மூடி இருந்தது. காலையில் பத்து ரூபாய் கொடுத்த இடத்தை நினைத்துக்கொண்டேன். கருவாடு எங்கே வாங்கினாள் என்றதற்கு, கடலூர்ப் பக்கத்து வியாபாரி வண்டியில் கொண்டுவருவார் என்றாள். கடல் இப்போது இந்த ஊருக்கு வருவது அந்த வண்டியில்தான்.

மறுசோறும் போட்டாள். முந்திரிக்கொட்டையைச் சருகு போட்டுச் சுட்டு, தட்டி உடைத்துப் பருப்பை உள்ளங்கையில் வைத்தாள். சுட்ட புகை கண்ணைக் கரித்தது. காசை எடுத்தேன். "மடியில வச்சிக்க. பஸ்ஸுக்கு ஆவும்" என்று கையைத் தள்ளிவிட்டு, கதவுக்கு முட்டுக் கொடுத்திருந்த பெரிய சிப்பி ஒன்றை எடுத்துப் பையில் போட்டாள். "ஒன்னாச்சும் கொறையட்டும்."

2. நின்னியூர், கல்லங்குறிச்சி

இந்தப் பகுதிக் கல்லை உலகம் கவனித்தது 1840-களில். கேய், கன்லிஃப் என்னும் இரண்டு வெள்ளைக்காரர்கள் திருச்சி, விருத்தாசலம், புதுச்சேரிப் பக்கங்களில் பொறுக்கியதை லண்டனுக்கு அனுப்ப, எட்வர்ட் ஃபோர்ப்ஸ் 1846-ல் அவற்றை வகைபிரித்து எழுதினார். பிறகு பிளான்ஃபோர்ட் நிலத்தை அளந்து 1862-ல் படமும் அறிக்கையும் தந்தார். மொராவியாவில் பிறந்து, கல்கத்தாவில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையில் வேலை பார்த்த ஃபெர்டினாண்ட் ஸ்டோலிச்கா, 1863 முதல் 1873 வரை நான்கு பெரிய தொகுதிகளில் தென்னிந்தியப் பழங்கடலின் சிப்பி, நத்தை, முள்ளெலி, பவளம் எல்லாவற்றையும் படத்தோடு விவரித்தார். பவளங்கள் கடைசித் தொகுதியில் வந்தன. அடுத்த வருஷமே லடாக்கில் மலை நோய் கண்டு இறந்துபோனார். வயது 36. கல்லறை லேயில் இருக்கிறது.

செந்துறை வட்டத்து நின்னியூரின் பெயரை நம் ஊர்க்காரர்களைவிட வெளிநாட்டுப் புவியியல்காரர்கள் அதிகம் உச்சரித்திருப்பார்கள். டைனோசர்களை அழித்த பேரழிவு 6.6 கோடி வருஷத்துக்கு முன் நடந்தது. அதற்கு முன் படிந்த அரியலூரின் கீழ்ப் படுகைகளில் அமோனைட்டுகள் வகைவகையாகக் கிடைக்கின்றன. அதற்குப் பின் படிந்து மேலே வரும் நின்னியூர்ச் சுண்ணாம்புக்கல்லில் ஒன்றுகூட இல்லை. அங்கே கிடைப்பது நாட்டிலஸ், பவளம், சுண்ணாம்புப் பாசி. அந்தப் பாசிகளை 1936-ல் எல். ராமராவும் ஜூலியஸ் பியாவும் விவரித்தார்கள். சுருள் ஓட்டுக்குள் வாழ்ந்த இரண்டு சொந்தக்காரர்களில் அமோனைட் கூண்டோடு போக, நாட்டிலஸ் தப்பிப் பிழைத்து இன்றும் பசிபிக்கில் நீந்துகிறது. நான் போனபோது நின்னியூரில் இதைச் சொல்லும் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. அரசியல்வாதிகளின் பிறந்தநாள் பலகைகளுக்குக் குறைவில்லை.

கல்லங்குறிச்சியில் பெருமாள் தூணாக நிற்கிறார், கலியுக வரதராஜர். சனிக்கிழமைக் கூட்டத்தில் முழங்கை இடிபட்டுத் தரிசனம் முடித்து, கைவிடப்பட்ட சுரங்கம் ஒன்றின் விளிம்புக்குப் போனேன். அடியில் பச்சைத் தண்ணீர். பக்கச் சுவர் முழுக்க, மளிகைக் கிட்டங்கியில் மூட்டை அடுக்கியதுபோல, சிப்பிமேல் சிப்பி. ஆள் உயரத்துக்கும் மேலே. கொஞ்ச நேரம் பேச்சே வரவில்லை என்பது உண்மை.

இந்தச் சிப்பிச் சுவர்தான் சிமெண்ட் ஆகிறது. ஆலத்தியூர், தளவாய், ரெட்டிப்பாளையம், கோவிந்தபுரம் என்று ஆலைகள் வரிசையாக நிற்பதற்குக் காரணம் அந்தக் கடல்தான். டால்மியாபுரம் இன்னும் பழைய பவளத் திட்டின்மேல் உட்கார்ந்திருக்கிறது. வீடு வேண்டும், பாலம் வேண்டும், அதனால் சுரங்கத்தை மூடு என்று சொல்ல எனக்கு வாயில்லை. ஆனால் மாதிரிக்கு ஒரு சுவரை, ஐம்பதடி நீளத்தையாவது, அப்படியே விட்டுவைக்கலாமே? சாத்தனூர்க் கல்மரத்துக்கு வேலி போட்ட நாடுதானே இது. தொல்லுயிர்ப் படிவங்களைக் காக்க 2022-ல் ஒன்றிய அரசு ஒரு வரைவு மசோதா வெளியிட்டது. கல்லமேட்டில் எடுத்த ராட்சத டைனோசர் புருகத்காயோசாரசின் எலும்பு பாதுகாக்க வழியில்லாமல் பொடிந்தே போய்விட்டது. 1987-ல் பெயர் சூட்டியதோடு சரி. எலும்புக்கே அந்தக் கதி என்றால் சிப்பிக்கு யார் இருக்கிறார்கள்?

வாரணவாசியில் அரசு புதைபடிவ அருங்காட்சியகம் இருக்கிறது. அமோனைட்டைக் கையைச் சுட்டுக்கொள்ளாமல் பார்க்க வேண்டுமென்றால் அங்கே போகலாம். வழியில் லாரிகள் எழுப்பிய தூசியில் என் வெள்ளைச் சட்டை சாம்பல் நிறமானது. சலவைக்காரர் அறுபது ரூபாய் கேட்டார்.

3. தூத்துக்குடி

உயிரோடிருக்கும் பவளத்தையும் பார்த்துவிட வேண்டும் என்று தெற்கே வந்தேன். மன்னார் வளைகுடாத் தீவுகளில் நினைத்தபடி இறங்க முடியாது. 1986-லிருந்து அது தேசியப் பூங்கா. திரேஸ்புரத்தில் கரையேற்றிய வள்ளத்தின் நிழலில் உட்கார்ந்து, வலை பின்னிக்கொண்டிருந்த ஒருவரிடம் கேட்டதுதான் மிச்சம்.

இவர் சின்ன வயதில் பாரில், அதாவது பவளத் திட்டில், கல் எடுத்திருக்கிறார். கடப்பாரையால் பெயர்த்து வள்ளத்தில் ஏற்றினால், கரையில் சுண்ணாம்புக் காளவாய்க்காரர்களும் வீடு கட்டுகிறவர்களும் வாங்கிக்கொள்வார்கள். அப்படி எடுத்தே பூவரசன்பட்டி, விலங்குசல்லி என்று இரண்டு தீவுகள் தண்ணீருக்குள் போயின. 2001-ல் பவளத்தையும் கடல் அட்டையையும் வனவிலங்குச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், யானைக்கும் புலிக்கும் பக்கத்தில். செத்த பவளத் துண்டு பையில் இருந்தாலும் வழக்குத்தான். சுனாமிக்குப் பிறகு கல் எடுப்பது ஏறக்குறைய நின்றது. 117 வகைப் பவளங்கள் உள்ள பகுதி என்று இங்குள்ள சுகந்தி தேவதாசன் கடல்சார் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்திருக்கிறது.

கடப்பாரை ஓய்ந்தபின் வெந்நீர் வந்தது. 2016 கோடையில் கடல் சூடேறிப் பவளம் வெளுத்ததில், 38.9 சதவீதமாக இருந்த உயிர்ப் பவளப் பரப்பு 22.7-க்கு இறங்கியது. சிமெண்டுக்காகச் சுத்தமான சுண்ணாம்புக்கல் நூறு கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாக வானத்துக்குப் போகிறது. செந்துறைக் கடல் மூச்சுவிட்டு மன்னார்க் கடல் சூடாகிறது. காளவாயில் எரிக்கும் நிலக்கரி தனிக் கணக்கு. கரைந்துகொண்டிருந்த வான் தீவைக் காப்பாற்ற 2015 முதல் கடலுக்குள் செயற்கைப் பார் இறக்கினார்கள். அது கான்கிரீட்.

பையிலிருந்த செந்துறைச் சிப்பியை வலைக்காரரிடம் காட்டினேன். திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது எங்க கெடந்துச்சு?"

அரியலூர்ப் பக்கம், லாரி லாரியாக அள்ளுகிறார்கள் என்றேன்.

"அதுக்குக் கேஸ் கெடையாதா?"

"குத்தகை எடுத்தா அள்ளலாம்."

"அப்பம் எங்களுக்கும் ஒரு குத்தகை வாங்கித் தாங்க அண்ணாச்சி" என்று சிரித்தார். பிறகு வலையைப் பார்த்துக் குனிந்தவர், பார் இருந்த காலத்தில் கணவாயும் இறாலும் எந்த ஆழத்தில் கிடைத்தன, இப்போது எவ்வளவு தூரம் போக வேண்டியிருக்கிறது, டீசலுக்கு என்ன ஆகிறது என்று வெகுநேரம் சொல்லிக்கொண்டிருந்தார்.

மண்டபம் பற்றி அடுத்து எழுதுவதாக முதல் பகுதி அனுப்பும்போது ஆசிரியரிடம் சொல்லியிருந்தேன். போகவில்லை. தங்கிய விடுதியில் ஏசி ஓடாத அறைக்கு ஏசி வாடகை வாங்கிவிட்டார்கள். மிச்சமிருந்த காசு ஊருக்குத் திரும்பத்தான் சரியாக இருந்தது.