தம்பியின் பாம்பு

சென்ற டிசம்பரில் இலண்டனில் சித்தி வீட்டிற்குப் போயிருந்தேன். அங்கே தம்பி ஒரு பாம்பு வளர்க்கிறான்! பயப்படாதீர்கள் தோழியரே, அது ‘கார்ன் ஸ்நேக்’ என்னும் நஞ்சில்லாத அமெரிக்கப் பாம்பு. (நம் நாட்டுப் பாம்புகளை வீட்டில் வளர்க்க 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இடந்தராது.)

தம்பியின் கையில் ஊர்ந்து விளையாடும் அது, அந்த வாரம் இரையைத் தொடாமல் சுருண்டே கிடந்தது. “செத்துப்போகுமா அக்கா?” என்று அவன் அழுதபோது எனக்கும் தொண்டை அடைத்தது. சித்தப்பா கண்ணாடிப் பெட்டியின் வெப்பமானியைப் பார்த்தார். ஏறத்தாழ 30 டிகிரி செல்சியஸ் இருக்கவேண்டிய சூடான பக்கத்தில் 19தான் இருந்தது. அடியிலிருந்த மின்விரிப்பு பழுது! பாம்பு நம்மைப்போல் உடற்சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. குளிர்ந்தால் இரை செரிக்காது. தம்பி அதைக் கணப்பருகே வைக்க ஓடினான். வயிறு வெந்துவிடும் என்று சித்தப்பா தடுத்தார். புது விரிப்பும், சூட்டை அளவோடு நிறுத்தும் கருவியும் வந்தன. மறுபக்கத்தைக் குளிர்ச்சியாகவே விட்டார்கள். வேண்டிய இடத்தைப் பாம்பே தேடிக்கொள்ளுமாம்.

ஆனால் இரண்டு நாளில் அதன் கண்கள் பால்போல் மங்கின. கை நீட்டினால் சீறியது. இது நோயன்று, சட்டை உரிக்கும் காலம். கண் சரியாகத் தெரியாததால் வந்த அச்சம். யாரும் தொடவில்லை. ஒரு வாரத்தில் முழுச் சட்டையையும் கழற்றிப்போட்டு, மூன்றாம் நாள் எலியையும் விழுங்கியது.