தூரிகைக்கு ஒதுக்கீடு கிடையாது



மதிப்பெண் சற்று முன்னே பின்னே இருந்தாலும் கை நன்றாக வரைந்தால் போதும், ஹார்வர்டோ யேலோ கூப்பிட்டுக்கொள்ளும் என்ற நம்பிக்கை பல பெற்றோரிடம் இருக்கிறது. தமிழ்க் குடும்பங்களில் சிலர் அரங்கேற்ற அழைப்பிதழையும் இதே கணக்கில் வைக்கிறார்கள். நடைமுறை வேறு. யேலில் கலைப் பள்ளி 1869இல் தொடங்கியது. அமெரிக்கப் பல்கலைக்கழக வளாகம் ஒன்றில் அமைந்த முதல் கலைப் பள்ளி அது. ஆனாலும் இளங்கலைக்கு வரும் மாணவரை அந்தப் பள்ளி தேர்ந்தெடுப்பதில்லை. யேல் கல்லூரியின் சேர்க்கைக் குழுதான் எடுக்கிறது. ஓவியமா பொருளாதாரமா என்பதை மாணவர் உள்ளே போன பிறகு முடிவு செய்துகொள்ளலாம். விரும்பினால் தன் படைப்புகளை அனுப்பலாம். பேராசிரியர்கள் பார்த்துக் கருத்துச் சொல்லக்கூடும். அவர்கள் சொல்வது கருத்து மட்டுமே, தீர்ப்பு அன்று. 2024இல் சேர 57,000க்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள்; இடம் கிடைத்தது 4 சதவீதத்துக்கும் குறைவானவர்களுக்கு.

ஹார்வர்டின் சேர்க்கை முறை குறித்து 2018இல் பாஸ்டன் நீதிமன்றத்தில் நடந்த வழக்கு, பூட்டியிருந்த பல கணக்குகளை வெளியே கொண்டுவந்தது. பயிற்சியாளர்கள் தேடிப்பிடித்த விளையாட்டு வீரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்திருந்தது. விண்ணப்பித்தவர்களில் அவர்கள் ஒரு சதவீதம்கூட இல்லை. சேர்க்கப்பட்டவர்களில் பத்தில் ஒரு பங்குக்கு மேல். ஓவியருக்கு இப்படியொரு கணக்கு ஏன் இல்லை? படகுப் போட்டிக்கு எட்டுப் பேர் துடுப்புப் போட்டாக வேண்டும். ஒருவர் குறைந்தால் படகு இறங்காது. அதனால் பயிற்சியாளர் பெயர்ப் பட்டியலோடு சேர்க்கை அலுவலகத்துக்குப் போகிறார். இந்த வருடம் நல்ல ஓவியர் ஒருவரும் வரவில்லை என்றால் எந்தப் படகும் கரையில் நிற்காது. திறமையில் குறைவில்லை, ஆளை உள்ளே இழுக்கக் கை இல்லை, அவ்வளவுதான்.

அப்படியானால் படைப்புகளை எதற்குக் கேட்கிறார்கள் என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. எம்.ஐ.டி.கூடக் காட்சிக்கலைத் தொகுப்பை ஏற்கிறது. ஆனால், கேட்பது விருப்பத்தின் பேரில், கட்டாயமாக அல்ல. படிப்பில் ஏற்கெனவே வாசற்படி வரை வந்துவிட்டவரை அது உள்ளே தள்ளலாம். தெருமுனையில் நிற்பவரைத் தூக்கிவராது. சுமாரான தொகுப்பு அனுப்பாததைவிடக் கெடுதல் என்றே நினைக்கிறேன். 'ஓவியம் படிக்க விரும்புவோர் குறைவு, போட்டியும் குறைவு' என்ற கணக்கும் செல்லாது. பாடத்தை உள்ளே போனபின் மாற்றிக்கொள்ளலாம் என்பது விண்ணப்பத்தைப் படிப்பவருக்கும் தெரியுமே! கலைத்துறைக்கும் பயிற்சியாளரைப் போல இடம் ஒதுக்கலாமே என்பாரும் உண்டு. எனக்கும் ஒரு காலத்தில் அது சரியென்றே பட்டது. 2019 மார்ச்சில் வெடித்த சேர்க்கை ஊழலைப் பார்த்தபின் தயங்குகிறேன். துடுப்பையே தொடாத பிள்ளைகளைப் படகு வீரர்களாகக் காட்டப் பணம் கைமாறியது, பயிற்சியாளர்களும் மாட்டினார்கள். ஒதுக்கிய இடத்துக்கு விலை பேச ஆள் வராமலா போவார்கள்?

கைவண்ணமே முன்னால் நிற்கும் இடங்கள் இல்லாமல் இல்லை. கார்னகி மெலனின் கலைப் பள்ளியிலும் யூ.சி.எல்.ஏ.யின் கலைத் துறையிலும் தொகுப்பு கட்டாயம். நியூயார்க்கின் கூப்பர் யூனியன் இன்னும் ஒரு படி மேலே போய், வீட்டிலிருந்தே செய்து அனுப்பும் தேர்வொன்றை வைக்கிறது. கொடுத்த தலைப்புகளுக்கு மாணவர் சில வாரங்களில் புதிதாகப் படைக்க வேண்டும். பழைய படங்கள் மட்டும் போதாது. இரண்டு வகைக்கும் உள்ள வேறுபாட்டை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமென்றால் பிராவிடன்ஸ் நகரத்துக்கு வர வேண்டும். பிரௌன் பல்கலைக்கழகமும் ரோட் ஐலண்ட் வடிவமைப்புப் பள்ளியும் ஒரே குன்றில் அருகருகே இருக்கின்றன. 2008இல் இருந்து இரண்டும் சேர்ந்து ஐந்தாண்டு இரட்டைப் பட்டம் தருகின்றன. அதற்கு விண்ணப்பிப்பவரைப் பிரௌன் தனியாக எடை போடுகிறது, கலைப் பள்ளி தனியாக எடை போடுகிறது. இரண்டிலும் தேறியவரை ஒரு கூட்டுக் குழு மறுபடி பார்க்கிறது. படத்துக்கு வாங்கிய பாராட்டு பிரௌனின் தராசில் படிப்பின் குறையை ஈடுகட்டாது.

பணத்தையும் மறக்க வேண்டாம். ஹார்வர்ட், யேல், எம்.ஐ.டி. மூன்றும் வெளிநாட்டு மாணவரின் வீட்டு வருமானத்தைப் பார்த்துச் சேர்க்கையை முடிவு செய்வதில்லை. தேவைக்கேற்ப முழு உதவியும் தருகின்றன. தனிக் கலைப் பள்ளிகளில் இந்த உறுதியை எதிர்பார்க்க முடியாது. எனவே, பிள்ளையின் தொகுப்பை அனுப்பும் முன் ஒவ்வொரு கல்லூரிக்கும் எழுதிக் கேளுங்கள்: படங்களைப் பார்ப்பவரும் இடத்தைக் கொடுப்பவரும் ஒருவர்தானா?