சாப்பிடப் போவது யார்?

லிட்டில் இந்தியா எம்ஆர்டி நிலையத்தின் 'சி' வாசல் வழியாக வெளியே வந்தால் பஃபலோ ரோடு. வாழையிலை, கறிவேப்பிலை, புதினா, கொத்தமல்லி என்று கட்டுக்கட்டாக அடுக்கிய கடைகளைத் தாண்டினால் தேக்கா நிலையம். 1915ல் சாலையின் எதிர்ப்புறம் கட்டப்பட்ட பழைய சந்தைதான் 1982ல் இங்கே இடம் மாறியது.

ஈரச்சந்தைக்குள் எனக்குப் பிடித்த இடம், அரைத்த மசாலா விற்கும் கடை. மிளகாய், மல்லி, மஞ்சள், இஞ்சி, பூண்டு எல்லாம் தனித்தனிப் பாத்திரங்களில் விழுதாக இருக்கும். "என்ன சமைக்கிறீங்க? எத்தனை பேருக்கு? பிள்ளைங்க சாப்பிடுவாங்களா?" என்று கேட்டு, பதிலுக்கு ஏற்ப எடுத்துக் கலந்து, பையில் கட்டித் தருவார்கள்.

அந்தக் கேள்விகளின் அருமை, அப்பாவுக்கு ரத்தக் கொதிப்பு வந்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொன்னார். அப்பா சாப்பாட்டையே குறைத்துவிட்டார். வீட்டிலிருந்த மீன் மசாலாப் பொட்டலத்தைத் திருப்பிப் பார்த்தேன். அதிலேயே உப்பு சேர்த்திருந்தார்கள். கலந்த உப்பை யாரால் பிரித்தெடுக்க முடியும்?

விஷயத்தைச் சொன்னதும் கடைக்கார அக்கா தன் மசாலாவை எடுக்கவே இல்லை. "வெளிய போய் பச்சையா வாங்கி இடிச்சுப் பூசும்மா. வாசம் இருந்தா உப்பைத் தேட மாட்டாரு" என்றார்.

நான்கு துண்டு வஞ்சிர மீனுக்கு ஒரு கைப்பிடி கொத்தமல்லி, அதில் பாதி புதினா, 2 ஈர்க்குக் கறிவேப்பிலை, 4 பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, 2 பச்சை மிளகாய், அரை தேக்கரண்டி மிளகு, கால் தேக்கரண்டி மஞ்சள் தூள். நம் ஊர் வாசத்துக்கு ஒரு செரைத் தண்டின் வெள்ளைப் பகுதி. செரையைக் குறுக்கே மெல்லிசாக நறுக்க வேண்டும். இல்லாவிட்டால் நார் பல்லில் சிக்கும்.

எல்லாவற்றையும் உரலில் தண்ணீர் விடாமல் கொரகொரப்பாக இடித்து, 2 தேக்கரண்டி எண்ணெயில் குழைக்க வேண்டும். இலைகளின் மணத்தை எண்ணெய் பிடித்து வைத்துக்கொள்ளும். மீனை ஈரம் போகத் துடைத்தால்தான் பூச்சு ஒட்டும். பூசியபின் குளிர்பெட்டியில் அரைமணி நேரம் வைத்தால் போதும். எலுமிச்சையை முதலிலேயே பிழிந்து ஊறவிட்டால் புளிப்பில் மீன் வெளுத்து இறுகிவிடும். பரிமாறும்போது பிழிவதே நல்லது.

தோசைக்கல்லில் வாழையிலை விரித்து, அதன்மேல் மீனை வைத்து, மிதமான தீயில் வேகவிட்டேன். பூச்சு கருகவில்லை. கடைசியில் ஒரே ஒரு சிட்டிகை உப்பை மேலாகத் தூவினேன். நாக்கில் முதலில் படுவது அதுதான். அன்று அப்பா முள்ளைக்கூட விடாமல் சப்பிவிட்டு, "இன்னொரு துண்டு இருக்கா?" என்றார்.

கொழுப்பு, சர்க்கரை, வயிற்றுப்புண் என்று எல்லார் வீட்டிலும் ஒருவருக்கு ஏதோ ஒரு கட்டுப்பாடு இருக்கிறது. தேக்காவுக்குப் போனால் அதையும் சொல்லிக் கேளுங்கள். காலையிலேயே போய்விடுங்கள்; மதியத்துக்குமேல் ஈரச்சந்தையில் பல கடைகளைக் கழுவி மூடிவிடுவார்கள்.