அப்பாவின் சைக்கிள்

டொரன்டோவில் வசிக்கும் அந்த ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு, அப்பாவின் நினைவாக மிஞ்சியது ஒரு துருப்பிடித்த சைக்கிள். "பழைய பெயின்டைச் சுரண்டிட்டுப் புதுசா அடிச்சிடலாம்மா" என்றான் மகன். "முதல்ல இது எந்த வண்டின்னு தெரியட்டும்" என்றார் அவர்.

ஹேண்டில்பாருக்குக் கீழே இருந்த உலோக வில்லையைத் துடைத்ததும் 'சி.சி.எம்.' என்ற எழுத்துகள் தெரிந்தன. 1899-ல் கனடாவின் சைக்கிள் நிறுவனங்கள் சில ஒன்றுசேர்ந்து உருவாக்கிய 'கனடா சைக்கிள் அண்டு மோட்டார்' கம்பெனி அது. 1983-ல் திவாலானாலும், ஐஸ் ஹாக்கி சாமான்களில் அந்தப் பெயர் இன்றும் வாழ்கிறது. ஃபிரேமில் பொறித்திருந்த எண்ணைச் சேகரிப்பாளர்களின் பட்டியலோடு ஒப்பிட்டபோது, 1940-களின் கடைசியில் செய்த வண்டி என்று தெரிந்தது.

அடுத்தது டயர். பழைய டயரில் '28 × 1½' என்றிருந்தது. நம் ஊர்ப் பெரிய சைக்கிளிலும் இதே அளவுதான் போட்டிருக்கும். ஆனால், அதன் ரிம் 635 மி.மீ. கனடாவில் அதே எண் போட்ட ரிம்மோ 622 மி.மீ. எண்ணை மட்டும் நம்பினால் டயர் பொருந்தாது. ரிம்மை அளந்த பிறகே வாங்கினார். இன்றைய '700 சி' டயர் கச்சிதமாக உட்கார்ந்தது.

கெட்டியான கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவி, பேரிங் குண்டுகளை மாற்றி, செயினுக்கு எண்ணெய் விட்டதும் சக்கரங்கள் சுழன்றன. பெயின்டை மட்டும் அவர் தொடவிடவில்லை. பாரில் ஓரிடத்தில் நிறம் தேய்ந்து இரும்பு தெரிகிறது. அப்பா ஓட்ட, சிறுமியாக அவர் உட்கார்ந்து போன இடம் அது.