ஸ்டூலுக்கு ஓர் இடம்

சென்னை-15
ஆவணி 4

அன்புள்ள சித்திக்கு,

போன வாரம் போனில், "பொம்மைக்குச் சேலை கட்டிவிடுறதுக்கா மாசச் சம்பளம்?" என்று கேட்டீர்கள். பக்கத்தில் ஆட்கள் நின்றதால் சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. ஆடித் தள்ளுபடி முடிந்து இப்போதுதான் இரண்டு நாள் ஓய்வு கிடைத்திருக்கிறது, அதனால் எழுதுகிறேன். உங்களிடம் கேட்க வேண்டியதும் ஒன்று இருக்கிறது.

பொம்மைக்குச் சேலை கட்டுவது உண்மைதான். இரவு பத்தரைக்குக் கடை சாத்திய பிறகுதான் எங்கள் வேலை ஆரம்பம். எங்களை 'வி.எம்.' (விஷுவல் மெர்ச்சன்டைசிங்) என்று கூப்பிடுவார்கள். பொம்மை ஆறடி உயரம், இடுப்போ ஒரு பிடி. நம் வீட்டுப் பெண்ணுக்குக் கட்டுகிற மாதிரி கட்டினால் கொசுவம் கணுக்காலுக்கு மேலே நின்றுவிடும். அதனால் வயிற்றில் தாளைச் சுருட்டி வைத்து, கொசுவத்தை இறக்கிச் செருக வேண்டும். விற்க வேண்டிய பட்டு என்பதால் குண்டூசித் தடம் விழக்கூடாது. கிளிப்பும் தூண்டில் நரம்பும்தான் துணை. விளக்கு வெளிச்சத்தில் நிறம் இறங்கிவிடும் என்பதால் எந்தச் சேலையையும் இரண்டு வாரத்துக்கு மேல் கண்ணாடிக்குள் விடமாட்டேன்.

காஞ்சிபுரத்துக் கோர்வைச் சேலை என்றால், உடலும் கரையும் சேருகிற இடம் பார்ப்பவர் கண்ணுக்கு நேரே வர வேண்டும். கரைக்கென்று தனி நாடா, அதைத் தள்ளப் பக்கத்தில் இன்னொரு ஆள் என்று இரண்டு பேர் உட்கார்ந்து நெய்வது அது. முந்தானையை விசிறி மாதிரி விரித்துவிட்டு அந்தச் சேர்க்கையை மடிப்புக்குள் மறைத்துவிடும் ஜன்னல்களைப் பார்த்தால் எனக்குப் பொறுக்காது.

வெளிச்சம்தான் இந்தத் தொழிலில் பாதி. அதை நான் உங்களிடம்தான் கற்றேன், நினைவிருக்கிறதா? எனக்குப் பத்து வயது, முழுப்பரீட்சை லீவு. நீங்கள் வேலை பார்த்த சேலைக்கடைக்கு வந்திருந்தேன். அரக்கு நிறச் சேலை ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு ஓர் அம்மா தயங்கியபடி நின்றார். நீங்கள் அதைத் தோளில் போட்டுக்கொண்டு இரண்டாம் மாடியிலிருந்து வாசலுக்கே அவரைக் கூட்டிப் போனீர்கள். "வெயில்ல பாத்து எடுங்கம்மா, வீட்டுக்குப் போயி மனசு கஷ்டப்படக்கூடாது" என்றீர்கள். அதற்காக மேற்பார்வையாளரிடம் திட்டும் வாங்கினீர்கள். அந்த வாசல் வெளிச்சத்தைக் கடைக்குள் கொண்டுவருவதுதான் இன்று என் பிழைப்பு. நிறத்தை விளக்கு எவ்வளவு உண்மையாகக் காட்டுகிறது என்பதற்கு சி.ஆர்.ஐ. என்றொரு எண் உண்டு, 100 என்றால் முழு மதிப்பெண். 80 உள்ள எல்.இ.டி. மலிவு. அதன் கீழே அரக்கு செத்துப்போய் மண்நிறமாகத் தெரியும். 90க்குக் குறையாமல் வேண்டும் என்று ஒவ்வொரு முதலாளியிடமும் அடம்பிடிக்கிறேன்.

ஆவணி பிறந்துவிட்டதால் இனிக் கல்யாண மேடை வேலையும் சேரும். மண்டபத்தில் முந்தைய வரவேற்புக் கூட்டம் கலைந்து, இடம் எங்கள் கைக்கு வர நள்ளிரவாகிவிடும். கோயம்பேட்டிலிருந்து சம்பங்கியும் செவ்வந்தியும் இறங்கியதும், விடியற்காலை முகூர்த்தத்துக்குள் முடித்தாக வேண்டும். பூச் செருகும் அந்தப் பச்சை ஃபோம் மக்காது. முடிந்தவரை வாழைத்தண்டில்தான் செருகுகிறேன். தோரணத்துக்குத் தென்னங்குருத்து. மறுநாள் எல்லாவற்றையும் மாட்டுக்குப் போடலாம்.

இனி, கேட்க வந்த விஷயம்.

கடையின் தளத்தை வரைவதும் எங்கள் வேலைதான். வரையும்போது எந்த அலமாரி எங்கே, பொம்மை எங்கே, வாடிக்கையாளர் எந்தப் பக்கம் திரும்புவார் என்று ஒவ்வோர் அடிக்கும் கணக்குப் போடுவோம். அந்தப் படத்தில் விற்கிற பெண்ணுக்கு மட்டும் இடமே இருக்காது. பழைய பட்டுக்கடைகளில் வெள்ளை விரித்த மெத்தை இருந்தது. விற்பவரும் வாங்குபவரும் உட்கார்ந்தபடியே சேலையை விரித்துப் பார்த்தார்கள். கவுன்டர் வந்தது, உங்களை எழுப்பி நிற்க வைத்துவிட்டார்கள். பன்னிரண்டு மணி நேரம் நின்று நின்று கால் நரம்பு சுருட்டிக்கொண்டுதானே நீங்கள் ஊருக்குத் திரும்பினீர்கள்? 2010இல் துணிக்கடை ஊழியர்களைப் பற்றிய 'அங்காடித் தெரு' சினிமாவைப் பார்த்துவிட்டு இரண்டு நாள் நீங்கள் பேசாமல் இருந்ததை அம்மா இன்னும் சொல்லுவாள்.

இப்போது சட்டம் இருக்கிறது சித்தி. 2021இல் தமிழ்நாடு கடைகள், நிறுவனங்கள் சட்டத்தில் 22-ஏ என்று ஒரு பிரிவு சேர்ந்தது. வேலைக்கு நடுவே உட்கார வாய்ப்புக் கிடைக்கும்போது உட்கார, ஊழியர் எல்லாருக்கும் இருக்கை போட்டிருக்க வேண்டும். கேரளத்தில் 2018இலேயே வந்துவிட்டது. கோழிக்கோட்டுத் துணிக்கடைப் பெண்கள் விடாமல் போராடியதற்குக் கிடைத்த பலன் அது.

ஆனால் போன வருஷம் ஒரு கடைக்கு நான் வைத்த ஸ்டூல்களை, திறப்பு விழாவுக்கு முதல் நாள் இரவு, "டிஸ்பிளே அழகைக் கெடுக்குது" என்று கிடங்குக்குத் தூக்கிவிட்டார்கள். தடுக்க எனக்குத் துணிவு வரவில்லை. அந்தக் கடை வழியாகப் போகும்போது இன்றைக்கும் நிமிர்ந்து பார்க்க முடிவதில்லை.

இந்த முறை வேறு விதமாகச் செய்கிறேன். புதிதாக வரும் கடையில் கவுன்டரோடு சேர்த்தே இருக்கை. இழுத்தால் வரும், தள்ளினால் உள்ளே போகும், கழற்ற முடியாது. முதலாளியம்மா படத்தைப் பார்த்து ஒப்புக்கொண்டுவிட்டார். பன்னிரண்டு இருக்கைகள். கவுன்டர் உயரம் 36 அங்குலம். இருக்கை 24 அங்குலமா, 26 அங்குலமா என்பதில்தான் குழப்பம். கால் தொங்கினால் வலி கூடுமே என்று கீழே ஒரு கட்டை வைக்கிறேன். அதை எந்த உயரத்தில் அடிப்பது? உட்கார்ந்தபடி முந்தானையை வீசி விரித்தால் கை எட்டுமா? பதினாறு வருஷம் அங்கே நின்ற உங்களைத் தவிர யாரிடம் இதைக் கேட்பேன்?

நம் வீட்டுத் தையல் மேசைக்குப் பக்கத்தில் பலகை அடுக்கி உட்கார்ந்து, ஒரு சேலையை விரித்துப் பாருங்கள். எந்த உயரத்தில் கால் வலிக்கவில்லை என்று அளந்து எழுதுங்கள். தச்சர் அடுத்த வெள்ளிக்கிழமை பலகை அறுக்கிறார்.

அன்புடன்,
செல்வி