நாலு பாத்திக் கணக்கு

பெரியம்மா மகன் எங்கள் வீட்டில் தங்கிப் படிக்க இடையஞ்சாவடிக்கு வந்தபோது நான் ஆறாவது, அவன் நாலாவது. பெரியம்மாவும் பெரியப்பாவும் மரக்காணத்தில் உப்பளக் கூலி. தை மாதம் வேலை தொடங்கினால், ஐப்பசி மழை நெருங்கும்வரை இருட்டோடு எழுந்து அளத்துக்குப் போய்விடுவார்கள். வெயில் ஏறிவிட்டால் அந்த வெள்ளையில் கண் திறக்க முடியாது. பிள்ளையை எழுப்பிப் பள்ளிக்கூடம் அனுப்ப வீட்டில் ஆளில்லை. எங்கள் ஊரில் உப்பு கிடையாது, செம்மண்ணும் முந்திரித் தோப்பும்தான். 1968இல் பக்கத்தில் ஆரோவில் வந்த பிறகு தோட்டம், கட்டடம், ஊதுவத்தி என்று பெண்கள் கையிலும் கொஞ்சம் காசு புழங்க ஆரம்பித்திருந்தது.

தம்பிக்கு எழுத்து நிற்காது. ‘ட’வும் ‘ப’வும் அவன் சிலேட்டில் ஒன்றுக்கொன்று இடம் மாறிக்கொள்ளும். ஆறு எழுதச் சொன்னால் ஒன்பது இருக்கும். 41ஐப் பதினாலு என்று படித்து, அந்தப் பதினாலுக்குக் கச்சிதமாகக் கணக்குப் போட்டுத் தப்பு வாங்கிக்கொண்டு வருவான். வாய்ப்பாடு சொல்லச் சொன்னால் மூன்றாவது வரியிலிருந்து ஆறாவதுக்குத் தாவிவிடுவான். வகுப்பில் அவனுக்கு வைத்த பட்டப்பெயரை இங்கே எழுத மனமில்லை.

அவனையே கடைக்கு அனுப்பினால் மீதிக் காசு பைசா பிசகாது. இதை முதலில் கவனித்தது அத்தை. அப்பாவின் தங்கை, எட்டாவதோடு நின்றவள், திண்ணையில் உட்கார்ந்து ஊதுவத்தி எண்ணிக் கட்டுகிற வேலை அவளுக்கு. ஒரு நாள் ஆயிரத்தில் முந்நூற்று அறுபத்தேழு போனால் எவ்வளவு என்று வாயால் கேட்டாள். “அறுநூத்து முப்பத்திமூணு” என்றான் யோசிக்காமல். சரி, தப்பு எதுவும் அத்தை சொல்லவில்லை. “எப்படிடா வந்துச்சு?” என்று மட்டும் கேட்டாள்.

“மூணு போட்டா எழுவது ஆவுது அத்தை. முப்பது போட்டா நானூறு. அப்புறம் அறுநூறு.”

கடைக்காரர் மீதி கொடுக்கிற வழி. கழிக்கவே இல்லை, கீழிருந்து ஏறிப் போயிருக்கிறான். பள்ளிக்கூடத்திலோ ‘கடன் வாங்கிக் கழி’ என்றார்கள். “யார்கிட்ட அத்தை கடன் வாங்கறது? எப்பத் திருப்பித் தரணும்?” என்று அவன் கேட்டபோது நான் சிரித்தேன், அத்தை சிரிக்கவில்லை. அளத்து முன்பணத்தில் வளர்ந்த பிள்ளைக்குக் கடன் என்றால் என்னவென்று நன்றாகவே தெரியும். திருப்பித் தராத கடன்தான் விளங்கவில்லை. அத்தை பத்துப் பத்தாகக் கட்டின ஊதுவத்தியில் ஐந்து கட்டும் இரண்டு உதிரியும் எடுத்து வைத்து, “இதுல இருபத்தேழு குடு” என்றாள். உதிரி போதவில்லை. ஒரு கட்டின் நூலைப் பிரித்தான், பன்னிரண்டு உதிரி ஆனது, ஏழைக் கொடுத்தான், பிறகு இரண்டு கட்டு. அதன் பிறகு அவனுக்குக் கழித்தலில் கடன் கிடையாது, ‘கட்டப் பிரி’தான்.

பெருக்கலை அத்தை கற்றுக்கொடுத்தாள் என்று சொல்ல முடியாது. அவன்தான் எங்களுக்குக் காட்டினான். 23ஐ 14ஆல் பெருக்கச் சொன்னதற்கு வாசல் செம்மண்ணில் குச்சியால் ஒரு நீண்ட கட்டம் போட்டான். நடுவே நெடுக்கில் ஒரு வரப்பு, குறுக்கில் ஒரு வரப்பு. நாலு பாத்தி. பெரிய பாத்தி இருபதுக்குப் பத்து, இருநூறு. பக்கத்துப் பாத்தி மூணுக்குப் பத்து, முப்பது. கீழே இருபதுக்கு நாலு, எண்பது. மூலையில் மூணுக்கு நாலு, பன்னிரண்டு. நாலையும் வாரிக் கூட்டினால் முந்நூற்று இருபத்திரண்டு. எங்கே பார்த்தாய் என்று கேட்டதற்கு, “அளத்துல எல்லாம் இப்படித்தான இருக்குது அக்கா” என்றான். மே மாத லீவில் நானும் பார்த்திருக்கிறேன்: தண்ணீர் ஒரு பாத்தியிலிருந்து அடுத்ததற்கு மாறி மாறிக் காய்ந்து, கடைசிப் பாத்தியில் உப்பாகப் பூக்கும், பலகையால் இழுத்து வரப்போரம் குவிப்பார்கள். எனக்குக் கண் கூசியதுதான் மிச்சம்.

நாங்கள் படித்த முறையில், இரண்டாவது வரியை ‘ஒரு இடம் தள்ளி எழுது’ என்பார்கள். ஏன் தள்ள வேண்டும் என்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை. 14இல் இருக்கும் ஒன்று ஒன்றல்ல, பத்து என்பது அவன் பாத்தியில் அகலமாகக் கிடந்தது. ஆனாலும் பரீட்சைத் தாளில் விடை மட்டும் சரியாக இருந்து ‘வழி’ இல்லையென்றால் பார்த்து எழுதினான் என்று குறுக்குக் கோடு. கட்டம் போட்டால் கிறுக்கியதற்கு இன்னொரு கோடு. வழி கேட்பது நியாயம்தான். ஒரே வழியைக் கேட்பதில்தான் எனக்கு இன்றைக்கும் கோபம்.

எழுத்து இப்படி நிற்காமல் போவதற்கு டிஸ்லெக்சியா என்று ஒரு பெயர் இருப்பதையே நான் கல்லூரி முடித்த பிறகுதான் கேள்விப்பட்டேன். 1896இல் பிரிங்கிள் மார்கன் என்ற இங்கிலாந்து மருத்துவர் பெர்சி என்ற பதினாலு வயதுப் பையனைப் பற்றி எழுதியிருக்கிறார். தன் பெயரையே எழுத்து மாற்றி ‘பிரெசி’ என்று எழுதியவன், 749ஐ 867ஆல் சட்டென்று சரியாகப் பெருக்கினானாம். பாடமெல்லாம் வாய்மொழியாகவே நடந்தால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்று வாத்தியார் சொன்னாராம். படித்ததும் எனக்கு வாசல் செம்மண்தான் நினைவுக்கு வந்தது. 2016இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாட்டையும் பட்டியலில் சேர்த்தது. இப்போது பரீட்சையில் கூடுதல் நேரம் உண்டு, சொல்வதை எழுத ஆள் உண்டு. எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு அதெல்லாம் எட்டவில்லை. எட்டாவதோடு சித்தாள் வேலைக்குப் போய்விட்டான்.

இப்போது அவன் மேஸ்திரி. தரைக்கு எத்தனை டைல்ஸ் என்று வீட்டுக்காரர் போனை எடுப்பதற்குள் சொல்லிவிடுவான், உடைசலுக்கும் சேர்த்து. பில் மட்டும் அவன் மனைவி எழுதுகிறாள். எழுதியதை அவன் படிப்பதில்லை, அவளை வாசிக்கச் சொல்லிக் கேட்கிறான். கூட்டல் தப்பாக இருந்தால் பாதியிலேயே நிறுத்திவிடுகிறான்.